அக்காவின் பித்தப்பையும் இரண்டு மதிப்பீட்டுத் தாள்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்களைவிடக் காகிதம் காட்ட வருகிறவர்களே அதிகம். இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் அறிக்கை, ஈப்போவுக்குப் போகச் சொல்லி எழுதிய கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் விரித்து, "இதில் என்னதான் எழுதியிருக்கிறது?" என்பார்கள். அப்பா தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். காய்ச்சலோ பாம்புக்கடியோ, லயத்தில் எது நடந்தாலும் முதலில் அவரிடம்தான் ஓடி வருவார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை; அப்பாவுக்குப் பதில் நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

தைப்பூசம் கழிந்த வாரம் அப்படி வந்து நின்றவர் என் சொந்த அக்கா. கையில் இரண்டு தாள்கள். தனியார் மருத்துவமனை ஒன்று கொடுத்த செலவு மதிப்பீடுகள். இரண்டிலும் நோய் ஒன்றே: பித்தப்பைக் கல். ஒன்றில் லாப்ரோஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) என்றும் மற்றதில் ரோபோ என்றும் எழுதியிருந்தது. ரோபோத் தாளின் தொகை மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

"கோலாலம்பூரில் இருக்கிற மகள் ரோபோதான் பாதுகாப்பு என்கிறாள். உன் மாமாவோ துளையும் வேண்டாம், ரோபோவும் வேண்டாம், அப்பாவுக்குச் செய்ததுபோல் வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்து எடுக்கட்டும் என்கிறார். பணம் அவருடைய சேமநிதிப் பணம். நீ சொல், தம்பி."

நான் கத்தி பிடிப்பவன் அல்லன். ஆனால் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருக்கும்போது ஒன்றோடொன்றை வைத்துப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. அக்காவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வருகிறவர் அக்கா ஒருவர் மட்டும் இல்லை.

முதலில், அறுவையே வேண்டாம் என்ற நான்காவது வழி. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கல் தெரிந்தது, வலி எதுவும் வந்ததில்லை என்றால், பெரும்பாலோருக்குப் பித்தப்பையைத் தொட வேண்டியதில்லை. அக்காவின் கதை அப்படி இல்லை. ஆட்டுக்கறி சாப்பிட்ட இரவுகளில் வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வலது தோள்பட்டைவரை இழுக்கும் வலி நான்கு முறை வந்துவிட்டது. கல்லைக் கரைக்கும் மாத்திரை உண்டு. என் கடையிலேயே இருக்கிறது. கொழுப்பால் ஆன சின்னக் கற்களுக்குத்தான் அது பயன்படும், மாதக்கணக்கில் விழுங்க வேண்டும், நிறுத்தினால் கல் மறுபடி வளரக்கூடும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து, மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாகக் "கல்" போனதைப் படமெடுத்துக் காட்டுகிறவர்களும் வருகிறார்கள். அது கல் அல்ல; குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாகத் திரண்டது. கோபித்துக்கொள்கிறார்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆக, பை வெளியே வரவேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

மாமா சொல்லும் திறந்த அறுவையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 1984இல் அப்பாவுக்குச் செய்தார்கள். வலது விலா விளிம்பை ஒட்டிச் சாய்வாக ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். தையல் பிரித்த பிறகு அது பாயின் ஓரம் முடைந்ததுபோல் தடித்து நின்றது. வெயில் காலத்தில் அரிக்கிறது என்று கடைசிவரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எட்டு நாள் வார்டில் இருந்தார். வீடு வந்த பிறகு இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டுதான் இருமுவார். மோட்டார் சைக்கிளைத் தொட ஒன்றரை மாதம் ஆயிற்று. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்ததிலிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே வழி. அப்பாவுக்கு வேறு தேர்வு இருக்கவில்லை.

அவருக்குத் தையல் ஆறிய அடுத்த ஆண்டே, 1985 செப்டம்பர் 12ஆம் தேதி, ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்ற மருத்துவர் வயிற்றைத் திறக்காமல், குழாய் வழியே பார்த்துப் பித்தப்பையை எடுத்தார். அந்த நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் முதலில் அவரை ஏளனம் செய்தது. பிறகு 1992இல் அதே சங்கம் கூப்பிட்டுப் பாராட்டியது. அதற்குள் உலகமே அவர் வழிக்குப் போயிருந்தது.

அந்த வழி இதுதான். தொப்புளருகே சிறு கீறல் போட்டு அதன் வழியே வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். அது தீப்பற்றாது, உடலும் எளிதில் உறிஞ்சி மூச்சில் வெளியேற்றிவிடும். அதனால்தான் சாதாரணக் காற்றைவிட்டு இதைத் தேர்ந்தார்கள். அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். வயிற்றுச் சுவர் கூடாரம்போல் மேலே எழும்பிக் கீழே வேலை செய்ய இடம் கிடைக்கும். தொப்புள் துளையில் கேமரா, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு துளை, வலப்பக்கம் 5 மில்லிமீட்டரில் இன்னும் இரண்டு. மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டு நீண்ட கருவிகளால் பையின் கழுத்தைப் பிரித்தெடுத்து, பைக்குரிய சிறு குழாயையும் அதன் இரத்தக் குழாயையும் சிறு கிளிப்புகளால் அடைத்து வெட்டி, பையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தொப்புள் வழியே இழுத்துவிடுவார். சிக்கல் இல்லையென்றால் ஒரு மணி நேர வேலை. மறுநாள் வீடு. ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான நடமாட்டம்.

கண்ணால் பார்த்தால்தானே தெரியும் என்ற மாமாவின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. துளை வழி அறுவை பரவிய தொடக்க ஆண்டுகளில், கல்லீரலிலிருந்து வரும் பொதுப் பித்தக் குழாயைத் தவறுதலாக வெட்டிவிடும் விபத்து முன்பைவிடக் கூடியது. அது சின்ன விபத்து அல்ல. குடலை இழுத்துக் கல்லீரலோடு தைக்கும் பெரிய அறுவைவரை கொண்டுபோய்விடும். அதனால்தான் 1995இல் அமெரிக்காவின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விதியை வலியுறுத்தினார்: பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு என்று கொழுப்பையெல்லாம் விலக்கி உறுதியாகப் பார்த்த பிறகே எதையும் வெட்ட வேண்டும். இன்று கவனமான மருத்துவர் அந்த இடத்தில் நின்று, பார்த்து, சிலர் படமும் எடுத்து வைத்துக்கொண்டுதான் மேலே போவார். மாமா கேட்கும் "கண்ணால் பார்ப்பது" அங்கே நடக்கிறது. அதுவும் பெரிதாக்கிய படத்தில்.

அப்படிப் பார்க்க முடியாமல் போகும் நேரங்களும் உண்டு. பை அழுகி வீங்கியிருக்கலாம், முன்பு செய்த அறுவையால் உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருக்கலாம். அப்போது துளையை விட்டுத் திறந்த அறுவைக்கு மாறுவார்கள். எங்கள் ஊரில் இதற்கு, "ஓப்ரேஷன் கெட்டுப்போய் வயிற்றைக் கிழித்துவிட்டார்கள்" என்று பெயர். இது தவறான பேச்சு. தேவையானபோது திறக்கத் தயங்காதவரிடம்தான் என் வயிற்றைக் கொடுப்பேன். "எதுவந்தாலும் துளையிலேயே முடித்துவிடுவேன்" என்கிறவரைக் கண்டால் எனக்குப் பயம்.

இனி ரோபோ. பலர் நினைப்பதுபோல் அது தானாக அறுப்பதில்லை. துளைகளும் வாயுவும் அதேதான். வேறுபாடு என்னவென்றால், மருத்துவர் படுக்கையருகே நிற்காமல் அதே அறையில் ஒரு மேசையில் அமர்ந்து, ஆழம் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களால் இயக்குகிறார். நோயாளிமேல் கவிந்திருக்கும் இயந்திரக் கைகள் அதை உள்ளே செய்கின்றன. கருவியின் முனை மணிக்கட்டுபோல் எல்லாப் பக்கமும் மடங்கும். கை நடுக்கம் வடிகட்டப்படும். குறுகிய பொந்துக்குள் தையல் போட இதைவிட நல்ல கை இல்லை. தொட்டுணரும் உணர்வு மட்டும் நீண்ட காலமாக இல்லை. டா வின்சி என்று பெயர்பெற்ற இயந்திரத்தில், இழுக்கும் விசை கைக்குத் தெரியும் கருவிகள் 2024இல்தான் அமெரிக்க அனுமதி பெற்றன. அந்த இயந்திரத்துக்கே அங்கே 2000இல் அனுமதி கிடைத்திருந்தது. நம் நாட்டில் 2004லேயே கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் சிறுநீரகவியல் அறுவைக்கு வந்துவிட்டது.

அக்காவின் மகள் தொலைபேசியில் ஒரு கதை சொன்னாள். 2001 செப்டம்பரில் ஜாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த பெண்ணுக்கு ரோபோவால் அறுவை செய்தாராம். உண்மைதான், அன்று எடுத்ததும் பித்தப்பையேதான். கேட்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கடலுக்கு அப்பாலிருந்தும் செய்ய முடியும் என்று அது காட்டியது. பக்கத்தில் நின்று செய்வதைவிட மேல் என்று அது காட்டவில்லை.

பித்தப்பைக்கு ரோபோ மேலானதா என்பதற்குக் கொஞ்சம் சங்கடமான பதில் இருக்கிறது. அமெரிக்காவின் முதியோர் அரசுக் காப்பீட்டில் உள்ள பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் பித்தப்பை அறுவைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2023இல் வந்தது. பித்தக் குழாய் காயப்பட்டு மறுசீரமைப்பு அறுவை தேவைப்பட்டவர்கள் லாப்ரோஸ்கோபியில் 0.2 விழுக்காடு, ரோபோவில் 0.7 விழுக்காடு. இரண்டுமே சின்ன எண்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அல்ல, பழைய பதிவுகளைப் புரட்டியது. ரோபோவுக்குப் போனவர்களும் மற்றவர்களும் எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருந்திருக்க மாட்டார்கள் என்று வாதிடலாம். ஆனாலும் "ரோபோதான் பாதுகாப்பு" என்று சொல்ல இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. மூன்று மடங்குக்கும் மேலான அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, இரு மடங்கு பணம் கொடு என்று என் அக்காவுக்கு என்னால் சொல்ல முடியாது. பித்தப்பை ஆழத்தில் ஒளிந்திருக்கும் உறுப்பும் இல்லை; எடுத்த பிறகு நுணுக்கமாகத் தைத்துச் சேர்க்க வேண்டியதும் ஒன்றும் இல்லை. ரோபோவின் திறமைக்கு அங்கே வேலை குறைவு.

அதற்கு வேலை இருக்கும் இடம் இடுப்பெலும்புக் கூட்டின் அடி. போன ஆண்டு எங்கள் வரிசைவீட்டுப் பெரியவருக்கு, ஆண்களுக்குச் சிறுநீர்ப் பையின் அடியில் இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அதை எடுத்தபின் சிறுநீர்ப் பையையும் சிறுநீர்க் குழாயையும் மறுபடி இணைத்துத் தைக்க வேண்டும். இருட்டறையின் மூலையில் ஊசி கோர்ப்பதுபோன்ற வேலை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் 300க்கும் மேற்பட்ட ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துத் திறந்த முறையையும் ரோபோவையும் ஒப்பிட்டு, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ரோபோவில் இரத்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, படுக்கை நாள்களும் குறைந்தன. மூன்று மாதத்தில் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்றே. அந்தச் சோதனையில் ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு மருத்துவர் என்பதையும் மறக்கக் கூடாது. பெரியவருக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, பணமோ வரிசையில் இடமோ இருந்தால் ரோபோவுக்குப் போங்கள், இல்லையென்றால் கைதேர்ந்தவரிடம் திறந்த முறைக்குப் போவதில் இழப்பு அதிகம் இல்லை என்றேன். இது புற்றுநோய்க்கு உரிய பேச்சு. வயதானால் வரும் வெறும் வீக்கத்துக்கு வேறு சிகிச்சை, அதைப் பெரும்பாலும் சிறுநீர்த் துவாரம் வழியாகவே செய்வார்கள்.

துளை சிறிதாக இருந்தால் எல்லாம் நல்லது என்ற எண்ணத்தை அடியோடு புரட்டிப் போட்ட ஒரு முடிவும் உண்டு. பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சுற்றுத் திசுக்களோடு கருப்பையை எடுப்பதில், லாப்ரோஸ்கோபியும் ரோபோவும் ஒரு பக்கம், திறந்த முறை மறு பக்கம் என்று பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, துளை முறையில் 86 விழுக்காடு. நடத்தியவர்களே எதிர்பார்க்காத முடிவு இது. அதன் பிறகு அந்த நோய்க்குப் பெரிய கீறலே மறுபடி முதலிடத்துக்கு வந்தது. மாமா கேட்டால் துள்ளிக் குதிப்பார் என்பதால் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அக்காவுக்கு இருப்பது வேறு நோய்.

குடலிறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். செம்பனைக் குலை வெட்டி, தூக்கி, வண்டியில் போட்டு உழைத்த ஆண்கள் இதோடுதான் என்னிடம் வருகிறார்கள். முதல் முறை, ஒரு பக்கம் மட்டும், இதயக் கோளாறும் இருக்கிறது என்றால், தொடை மடிப்பில் சிறு கீறல் போட்டு வலை வைத்துத் தைக்கும் திறந்த முறையே எனக்குப் பிடிக்கும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே அதை முடித்துவிடலாம். துளை முறைக்கு முழு மயக்கம் வேண்டும். இரு பக்கமும் இருந்தால், அல்லது திறந்து தைத்தது மறுபடி பிதுங்கினால், லாப்ரோஸ்கோபி முந்துகிறது. நாள்கூலிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: துளை முறையில் நாள்பட்ட வலி குறைவு, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். கூலியில்லா இரண்டு வாரமும் செலவுதானே. ரோபோவா? இந்த வேலைக்கு அதைக் கூப்பிடுவது பாராங்கத்தி போதுமான இடத்துக்குப் புல்டோசர் வரவழைப்பது.

பணத்துக்கு வருவோம். அக்காவிடம் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, இல்லை. இருப்பவர்கள், ரோபோவுக்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்துத்தான் உத்தரவாதக் கடிதம் வருகிறதா என்று படுக்கையில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் கையிலிருந்து போகும். கார்டு இல்லாத குடிமக்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளி என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. அங்கேயும் பித்தப்பையை லாப்ரோஸ்கோபியில்தான் எடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. துளை என்றாலே தனியார், கீறல் என்றாலே அரசு என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். அரசில் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில்கூட ஆகும். காய்ச்சலோடு வலி வந்தாலோ கண் மஞ்சளானாலோ காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கல் பொதுக் குழாய்க்குள் இறங்கியிருந்தால் முதலில் வாய்வழிக் குழாய்விட்டு அதை எடுத்த பிறகுதான் பையைப் பற்றிப் பேச்சு.

ஈப்போ முப்பது கிலோமீட்டர்கூட முழுதாய் வராது. அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு அக்காவை நானே வண்டியில் அழைத்துப்போனேன். போகும் வழியில் மாமா பின்னிருக்கையிலிருந்து, "எத்தனை செய்திருக்கிறார் என்று கேள், தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்று முழுதும் பேசியதில் அதுதான் உருப்படியான பேச்சு. கேட்டேன். சீனப் பெண் மருத்துவர், வயது நாற்பதுக்குள் இருக்கும். முகம் சுளிக்காமல், வாரத்தில் எத்தனை என்று சொன்னார். அதில் திறக்க நேர்ந்தவை எப்போதாவது ஒன்று என்றார். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதையும், கால் வலிக்கு என் கடையிலேயே வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரையையும் நான் சொன்னேன். அறுவைக்கு முன் அதை நிறுத்தச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ரோபோவைப் பற்றி அக்கா கூச்சத்தோடு கேட்டபோது சிரித்துவிட்டு, "என் பித்தப்பையாக இருந்தால் நான் லாப்ரோஸ்கோபியைத்தான் கேட்பேன்" என்று மலாயில் சொன்னார்.

ஒப்புதல் படிவத்தில் லாப்ரோஸ்கோபி என்று எழுதி, அதற்கடுத்து, தேவைப்பட்டால் திறந்த அறுவை என்றும் இருந்தது. அக்காவின் பேனா அந்த இடத்தில் நின்றது. மாமா எட்டிப் பார்த்து, "அது இருக்கட்டும், கையெழுத்துப் போடு" என்றார்.

மூன்றரை மாதம் கழித்து நாள் கிடைத்தது. திறக்க வேண்டிவரவில்லை. மறுநாள் காலை, வலது தோள் குத்துகிறது, இதயமோ என்று அக்கா என்னை அழைத்துப் பயந்தார். உள்ளே மிச்சமிருந்த வாயு உதரவிதானத்தைச் சீண்டும்போது வரும் வலி அது, தாதியிடமும் சொல்லிவை, எழுந்து நடந்தால் போகும் என்றேன். நடந்தார், போயிற்று. இப்போது தொப்புளுக்குள் ஒரு சிறு மடிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. மற்ற மூன்றும் கொசுக்கடித் தழும்பு அளவுதான். எடுத்த கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மிளகு அளவில் பதினோரு கற்கள். மாமா அதைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டுகிறார்.